அடித்தவனுக்கு முதல் வாய்ச் சோறு

கோவிந்தம்மாவிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாக வீடு திரும்பியவர்கள் திருவொற்றியூர் மீன் மார்க்கெட்டில் குறைவு. எடையில் கை வைத்தாள் என்று ஒருத்தன் சொன்னதற்கு, அவன் வாங்கிய சங்கரா மீனையே எடுத்து அவன் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தவள் அவள். செதில் ஒட்டிய முகத்தோடு அந்த மனிதன் பஸ் ஏறிப் போனான். மறு வாரம் அவளிடமே வந்து மீன் வாங்கினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் எடையில் கை வைப்பவள் இல்லை, அது ஊருக்கே தெரியும். மீன் நேற்றையது என்றால் நேற்றையது என்பாள். பிடிக்காவிட்டால் போய்யா என்பாள்.

எண்ணூர்க் கழிமுகத்தோரம் பிறந்து, பதினெட்டு வயதில் கன்னித்திட்டுக் குப்பத்துத் தேசப்பனுக்கு வாழ்க்கைப்பட்டாள். இன்றைக்கு நாற்பத்தொன்று. ஒரே மகளைப் பழவேற்காட்டில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. தேசப்பன் அவளுக்குச் சளைத்தவன் இல்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று ஒரு பழமொழி உண்டு. மற்ற ஊர்களில் அதைப் பிள்ளைகளை மிரட்டச் சொல்வார்கள். கன்னித்திட்டில் அதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள், சட்டத்தை முதலில் எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் தேசப்பன். கல்யாணமான முதல் வருடம் அவன் அவளை அடித்தான், அவள் அம்மிக் குழவியைத் தூக்கினாள். அதற்குப் பிறகு இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை வந்துவிட்டது. நம்புகிறவர்கள் நம்புங்கள், அவர்கள் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

அது மூன்று வருடத்துக்கு முன் ஒரு புரட்டாசிக் காலையோடு முடிந்தது.

அப்போது பக்கத்துச் சாவடிக் குப்பத்துக்காரர்கள் சுருக்குமடி வலை இறக்கியிருந்தார்கள். தடை செய்த வலை அது, குஞ்சு குளுவான் பாராமல் கடலைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போய்விடும். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கப்பல் வருகிற வழி போக மிச்சமிருந்த தண்ணீரில் இரண்டு குப்பமும் இடித்துக்கொண்டு பிழைத்த காலம். முதல் அடி தேசப்பனுடையது. இதைக் கன்னித்திட்டில் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், கோவிந்தம்மா ஒப்புக்கொள்வாள். ஓடுகிற பைபர் படகிலிருந்து எதிரிப் படகுக்குத் தாவி, அங்கே நின்ற ஒருவனின் தாடையைத் துடுப்பால் உடைத்தான். இரண்டு பல் வலைக்குள் விழுந்தது. தாடை உடைந்தவனின் தம்பி அன்புமணி பின்னால் நின்றான். தேசப்பன் இரண்டாம் தடவை ஓங்குவதற்குள், அன்புமணி நங்கூரத்தை இரண்டு கையாலும் தூக்கி அவன் முதுகில் இறக்கினான்.

தேசப்பனுக்கு வலிக்கவே இல்லையாம். "எவன்டா என் கால எட்த்துனு பூட்டது" என்று கேட்டானாம். அவனுடைய ஆட்கள் கையிலும் காலிலும் பிடித்து, ஐஸ் பெட்டியை மாற்றுகிற மாதிரி ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு வீசி வாங்கினார்கள். முதுகெலும்பு உடைந்தவனை அப்படித் தூக்கக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? பிறகு தெரிந்தபோது அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து, மூன்று மாதம் வைத்திருந்து அனுப்பினார்கள். கட்டிலுக்கு மேலே உத்தரத்தில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி விட்டாள் கோவிந்தம்மா, அவன் அதைப் பிடித்து எழுந்து உட்காருவதற்கு. மனிதன் நாள் முழுக்க அந்தக் கயிற்றில் தொங்கினான். கால் இரண்டும் விறகாகச் சூம்பிப்போக, கைகள் மட்டும் இரண்டு பங்காகத் தடித்தன. அந்தக் கையால் தட்டை வீசினான், சொம்பை வீசினான், எட்டுகிற தூரத்துக்கு அவள் வந்தால் அவளையும் அடித்தான். அவளும் திருப்பி அடித்தாள். படுத்துக் கிடக்கிறவனைப் போட்டு அடிக்கிறாளே பாவி என்று தெருவே பேசியது. இரண்டு மணிக்கொரு தரம் அவனைப் புரட்டிப் போட்டு, முதுகில் புண் வராமல் துடைத்துப் பவுடர் போடுகிறவளும் அவள்தான் என்பதைத் தெரு பேசவில்லை. தெருவுக்கு எப்போதும் பாதிக் கண்தான்.

அவன் வாயில் ஒரே பேச்சு.

"ஒரு நாள் போதும்மே. ஒரே ஒரு நாள் நிக்க உடு. அந்த அன்புமணிய அறுத்துப் போட்டுட்டு, அப்பால காலம்பூரா பட்த்துனு கெடக்கறேன்."

"நின்னா மொதல்ல கக்கூசுக்குப் போய்யா. கொலையெல்லாம் அப்பால பண்ணிக்கலாம்" என்பாள் கோவிந்தம்மா.

சிரித்துக்கொண்டே சொன்னாலும் உள்ளே பயந்தாள். அவன் சொன்னால் செய்கிறவன். கால் வந்தால் கொலைகாரன் ஆவான், வராவிட்டால் வெறி பிடித்தே சாவான். இரண்டும் இல்லாமல் இந்த மனிதனை உயிரோடு, ஜெயிலுக்கு வெளியே, தன் வீட்டுக் கட்டிலில் வைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் ஜெரின் வந்தான். நகருக்குள் ஏதோ தனியார் கிளினிக்கில் ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை, ஆனால் அட்டையில் கவுன்சிலர் என்று போட்டிருந்தது. தெற்கத்திப் பையன், நல்ல இஸ்திரிச் சட்டை. அரசு ஆஸ்பத்திரி வாசலில் யாரிடமோ விலாசம் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். போனில் ஒரு வீடியோ காட்டினான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அடுத்த காட்சியில் இரண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"உங்க இடுப்பெலும்பிலேருந்தே மஜ்ஜைய எடுத்து, அதுலேருந்து ஸ்டெம் செல்லைத் தனியா பிரிச்சு, முதுகுத் தண்டுல ஊசியா ஏத்துவாங்கண்ணே. அறுந்த நரம்பு திரும்ப முளைக்கும். எல்லாம் உங்க உடம்புல உள்ளதுதான், வெளிச் சாமான் எதுவும் கிடையாது" என்றான்.

தேசப்பன் அந்த வீடியோவை இருபது தடவை போடச் சொல்லிப் பார்த்தான். கோவிந்தம்மா போனையும் பார்த்தாள், ஜெரினையும் பார்த்தாள். கெட்ட மீனை ஐஸில் புதைத்து வைத்து விற்கிறவனின் முகம் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மீனைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு, அரசு ஆஸ்பத்திரியில் தேசப்பனைப் பார்க்கிற டாக்டர் பெர்சிஸிடம் போய் நின்றாள். அந்த அம்மா அவளை உட்காரவைத்துப் பேசினாள்.

"ஆராய்ச்சி நடக்கத்தான் செய்யுதும்மா, நான் இல்லைன்னு சொல்லல. எலிக்கெல்லாம் கொஞ்சம் பலன் தெரிஞ்சிருக்கு. ஆனா மனுஷங்களுக்கு இதுதான் வைத்தியம்னு சொல்ற அளவுக்கு இன்னும் வரல. நிஜமான ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசு வாங்கமாட்டாங்க. காசு கேக்குறாங்கன்னாலே எந்திரிச்சு வந்துடுங்க."

இதைக் கோவிந்தம்மா வீட்டில் வந்து ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"அந்தம்மாவுக்குக் கால் கீது. அது சொல்லும்" என்றான் தேசப்பன்.

கிளினிக் கேட்ட தொகைக்குக் கோவிந்தம்மா ஏழு ஜென்மம் மீன் அறுக்க வேண்டும். வழியைக் காட்டியது குப்பத்துத் தலைவர் திருமலை.

இந்தக் குப்பங்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலில் ரத்தம் விழுந்தால், சமாதானம் ஆகிறவரை இரண்டு குப்பமும் ஒரே நாளில் கடலிறங்கக் கூடாது. ஒருநாள் இவர்கள், மறுநாள் அவர்கள். சமாதானம் என்பது வாயால் சொல்வதல்ல, கை நனைப்பு நடக்க வேண்டும். அடித்தவன் அடிபட்டவன் வீட்டுக்கு வந்து உட்கார, அடிபட்டவன் தன் கையால் அவனுக்கு முதல் வாய்ச் சோறு ஊட்ட வேண்டும். அடிபட்டவன் செத்துப்போயிருந்தால் அவன் பெண்சாதி ஊட்ட வேண்டும். கோர்ட்டில் கேஸ் நிற்கும்போது கை நனைக்க முடியாது. அன்புமணி மேலிருந்த கொலை முயற்சிக் கேஸ் இரண்டு வருடமாக நின்றது. இரண்டு குப்பத்திலும் இரண்டு வருடமாக அரை அடுப்புத்தான் எரிந்தது.

திருமலை கட்டில் பக்கத்தில் வந்து குந்தினார். சாவடிக் குப்பம் ஊசிச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்ளும். பதிலுக்குத் தேசப்பன் கூண்டில் ஏறி, யாரும் என்னை அடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

"சரி தலைவரே" என்றான் தேசப்பன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. திருமலைக்கே அது ஆச்சரியமாக இருந்தது, கண் கலங்கிவிட்டார். தங்கமான மனசு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

மனசாவது தங்கமாவது. அன்புமணி ஜெயிலில் இருந்தால் எப்படி அறுப்பது? வெளியே விட வேண்டும், அவன் காசிலேயே காலை வாங்க வேண்டும், அந்தக் காலில் நடந்து போய் அவனை அறுக்க வேண்டும். இந்தத் திட்டம் ஊரில் கோவிந்தம்மா ஒருத்திக்குத்தான் புரிந்தது. புரிந்தும் பேசாமல் இருந்தாள். டாக்டர் அம்மா சொன்னது உண்மையென்றால் கால் வராது, கால் வராவிட்டால் கொலையும் இல்லை, கேஸும் தொலைந்தது என்று நினைத்தாள். அந்தக் கைகளை அவள் மறந்துபோனாள். தினமும் அடி வாங்குகிறவள் மறந்ததுதான் வேடிக்கை.

கோர்ட்டுக்கு நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். "யாரும் அடிக்கலீங்க. கால் வழுக்கி இன்ஜின் மேல வுய்ந்துட்டேன்" என்றான் தேசப்பன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூண்டுக்கு அந்தப் பக்கம் நின்ற அன்புமணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஊசி போட்டார்கள். குப்புறப் படுக்கவைத்து இடுப்பெலும்பில் துளை போட்டு மஜ்ஜையை உறிஞ்சினார்கள். அதே நாள் சாயங்காலம் முதுகில் ஏற்றினார்கள். ஒரு வாரம் ஏசி அறையில் வைத்திருந்து, ஒரு பைலும் ஒரு பூங்கொத்தும் கொடுத்து அனுப்பினார்கள்.

மூன்றாம் வாரம் அவன் வலது கால் துள்ளியது.

முன்பும் எப்போதாவது ஒரு சிலிர்ப்பு ஓடியதுண்டு. இது அப்படி இல்லை. முழங்கால் மடங்கி, கால் கட்டிலை விட்டு எழும்பி, தொப்பென்று விழுந்தது. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவன் ஓடிப்போய்ச் சொல்ல, குப்பமே வாசலில் கூடிவிட்டது. ஆண்கள் கட்டிலைச் சுற்றி நின்று, துள்ளுவதை எண்ணினார்கள். தூண்டில்காரனுக்கு ஒன்றுதான் தெரியும், கயிறு துடித்தால் அந்த முனையில் உயிர் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க அப்படிப் பிழைத்தவர்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். தேசப்பன் அழுதான்.

கோவிந்தம்மா மறுபடி டாக்டர் பெர்சிஸிடம் ஓடினாள். அந்த அம்மா இரண்டு கேள்வி கேட்டாள். காய்ச்சல் இருக்கிறதா, மூத்திரம் கலங்கலாகப் போகிறதா?

"ரெண்டும் கீதும்மா" என்றாள் கோவிந்தம்மா.

"அப்ப உள்ள சீழ் பிடிச்சிருக்கு. அதான் கால் அதிகமா குதிக்குது. மூளைக்கும் காலுக்கும் நடுவுல அறுந்துடுச்சு, ஆனா அறுந்த இடத்துக்குக் கீழ தண்டுவடம் சாகலம்மா. அது தன்னால அடிச்சுக்கும். அவர் நினைச்சு அசைக்கல. சந்தேகம்னா, கட்டை விரலை மட்டும் தூக்கச் சொல்லிப் பாருங்க. அப்புறம் உடனே இங்க கூட்டிட்டு வாங்க."

வேறு யாருக்காவது இது புரிந்திருக்குமோ என்னவோ, கோவிந்தம்மாவுக்குச் சட்டென்று புரிந்தது. அவள் அருவாமனையில் தினமும் பார்க்கிறதுதான். கழிமுகத்து விலாங்கை உயிரோடு கொண்டுவருவார்கள். தலையை அறுத்து, தோலை உரித்து, துண்டம் போட்டு உப்பைத் தூவினால் துண்டம் துள்ளும். வாங்க வந்த பெண்கள் அலறுவார்கள். பிடிக்கிறவனுக்குத் துள்ளல் உயிர், அறுக்கிறவளுக்கு அப்படி இல்லை.

வீட்டுக்கு வந்தாள். திருமலையும் இன்னும் ஆறேழு பேரும் கட்டிலைச் சுற்றி இருந்தார்கள்.

"யோவ், கட்ட வெரல மட்டும் தூக்கு பாக்கலாம்" என்றாள்.

அவன் தூக்கப் பார்த்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க முக்கினான். வியர்த்துக் கொட்டியது. விரல் அசையவில்லை. சோர்ந்து தலையைச் சாய்த்த பிறகு கால் தானாக ஒரு தரம் துள்ளியது. கூடி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"அது நீ தூக்கல. தலய அறுத்த விலாங்கு உப்பு பட்டா துள்ளும் பாரு, அந்த மாரி. உள்ள சீய் புட்ச்சுனு கீதாம், வா ஆஸ்பத்திரிக்கு" என்றாள் கோவிந்தம்மா.

அவன் கை அவள் கொண்டையைப் பிடித்ததை அவள் பார்க்கக்கூட இல்லை. கட்டில் சட்டத்தின் இரும்பில் அவள் முகம் மோதியது.

"வந்துட்சுன்னு சொல்லு."

"வரல."

மறுபடி மோதினான். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று பாதி உடைந்தது.

"சொல்லுமே. ஊரே சொல்து. நீ சொல்லு."

"வரலய்யா. பொய் சொல்லச் சொல்றியா?"

மூன்றாவது மோதலுக்குள் திருமலை அவன் விரல்களைப் பிரித்துவிட்டார். கோவிந்தம்மா எழுந்து நின்றாள், வாயிலிருந்த ரத்தத்தையும் பல் துண்டையும் துப்பினாள், கட்டியவன் கன்னத்தில் பளீரென்று ஒன்று விட்டாள். பிறகு நிரம்பியிருந்த மூத்திரப் பையைக் கழற்றிக் கொட்டப் போனாள்.

சீழுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பத்து நாள் ஊசி போட்டார்கள். சாகப் பிழைக்கக் கிடந்து மீண்டான். அதற்குப் பிறகும் கிளினிக்கில் இரண்டாம் ஊசி, மூன்றாம் ஊசி என்று நடந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? கால் எப்போதாவது துள்ளும். விரல் மட்டும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஊரில் எல்லாரும் இதோ வந்துவிடும், அதோ வந்துவிடும் என்றார்கள். ஒவ்வொரு நாளும் அவன் கோவிந்தம்மாவைக் கேட்டான். ஒவ்வொரு நாளும் அவள் வரவில்லை என்றாள். சில நாள் அதற்கு அடி விழுந்தது, சில நாள் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சுவர்ப் பக்கம் திரும்புகிற நாளில்தான் அவளுக்கு அதிகம் வலித்தது. ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று தோன்றும். வாய் வராது.

மூன்றாம் ஊசிக்குப் பிறகும் ஒன்றுமில்லை என்றானதும், அவள் மார்க்கெட்டிலிருந்து அப்படியே, மீன் கவிச்சியோடு கிளினிக்குக்குப் போனாள். பளிங்குத் தரையில் ஜெரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நாற்காலி உருண்டது, கண்ணாடி மேஜை உடைந்தது. செக்யூரிட்டிகள் இரண்டு பேர் இழுத்தும் அவள் பிடி விடவில்லை. ஜெரின் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினான். பலன் உறுதியில்லை என்று இங்கிலீஷில் அச்சடித்து, கீழே தேசப்பன் கைநாட்டு இருந்தது.

"படிச்சுச் சொல்லித்தானே வாங்கினோம்க்கா" என்றான்.

"நட்க்க வெக்கறேன்னு வாயால சொன்ன. இல்லன்றத காயிதத்துல சொன்னியா? நல்லா கீதுடா உன் பொயப்பு" என்று அவன் சட்டைப் பொத்தான்களைக் கையோடு கொண்டுவந்துவிட்டாள். வரும் வழியில் பஸ்ஸில் யாருக்கும் தெரியாமல் அழுதாள். ஜெயித்த சண்டையில் அழுதது அதுதான் முதல் தடவை.

கேஸ் தள்ளுபடி ஆன தீர்ப்பு வந்தது. கை நனைப்புக்குத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். தேசப்பன் சாதுவாகிவிட்டான். முகம் மழித்துக்கொண்டான், புதுச் சட்டை கேட்டான், வஞ்சிர மீன் வறுக்கச் சொன்னான். அடிப்பது நின்றுபோயிற்று. அன்பாகப் பேசினான். கை நனைப்பன்று காலை கோவிந்தம்மா அவனைப் புரட்டும்போது தலையணைக்குக் கீழே தன் செதில் கத்தியைப் பார்த்தாள். எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வேணாம்யா. மூணு வருசமா ரெண்டு குப்பமும் அரை வயிறு. இன்னிக்கு ஒரு நாள் உட்டுடு."

"எட்த்துக்கோ. கத்தி வேணாம்" என்று சிரித்தான் தேசப்பன்.

அவள் திருமலையிடம் போய், ஊட்டுகிற சடங்கை விட்டுவிடலாம், அன்புமணி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தாள். ஊட்டாமல் என்ன கை நனைப்பு என்றார் அவர். பொம்பளைக்குப் பயம் என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அன்புமணி வந்தான். கூடவே அவன் பெண்சாதி சைமா, பின்னால் சாவடிக் குப்பத்து ஆட்கள் இருபது பேர். அந்த மூன்று வருடத்தில் அன்புமணியும் இளைத்திருந்தான். கட்டில் விளிம்பில் ஒடுங்கி உட்கார்ந்து, "அண்ணே, மன்ச்சுக்க" என்றான். அழுதான். அது பொய் அழுகை இல்லை.

தேசப்பன் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தான். ஒரு கவளத்தை உருட்டி, "வாயத் தொற" என்றான். அன்புமணி முன்னால் குனிந்து வாயைத் திறந்தான். சோறு வாய்க்குள் போனது. அதே கை அப்படியே கீழே இறங்கித் தொண்டையைப் பிடித்தது. இன்னொரு கை பின்னங்கழுத்தில் விழுந்தது.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஊட்டுகிறான் என்றே நினைத்தார்கள். அன்புமணியின் வாயிலிருந்து சோறு பிதுங்கி வெளியே வந்தபோதுதான் சைமா அலறினாள். நாலு பேர் பாய்ந்து தேசப்பன் கையைப் பிடித்து இழுத்தார்கள். அந்தக் கை நகரவில்லை. ஒருவன் அம்மிக் குழவியால் அவன் முழங்கையில் அடித்தான், எலும்பு முறிகிற சத்தம் கேட்டது, பிடி அப்படியே இருந்தது. இன்னொருவன் அவன் முகத்தில் உதைத்தான். மூக்கு உடைந்து ரத்தம் புதுச் சட்டையில் கொட்டியது. அவன் சிரித்துக்கொண்டே நெரித்தான். வாசலில் கன்னித்திட்டு ஆட்கள் துடுப்பை எடுத்துவிட்டார்கள், சாவடிக் குப்பத்தார் கல்லை எடுத்துவிட்டார்கள். முதல் மண்டை உடைந்துவிட்டது. உள்ளே அன்புமணியின் முகம் கறுத்து, கண் பிதுங்கி, குதிகால் தரையில் அடித்துக்கொண்டது. அந்த வேகத்தில், தேசப்பனின் இரண்டு கால்களும் துள்ள ஆரம்பித்தன. கட்டிலே குலுங்கியது.

கோவிந்தம்மா கட்டில்மேல் ஏறினாள். இடுப்பில் கத்தி இருந்தது. அந்தக் கையை அறுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு அவன் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னாள்.

"யோவ். காலு வந்துட்சுய்யா. நீதான் அசைக்கற. தோ பாரு, உன் கால பாரு."

அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். ஊரே அன்று வரை அதைச் சொல்லியிருந்தது, அவள் மட்டும் சொன்னதில்லை. அவன் கை தளர்ந்தது. கழுத்தை விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்து எழும்பி, தன் கால்களைப் பார்த்தான்.

அன்புமணி தரையில் சரிந்தான். சைமா அவனைக் கக்கத்தில் கை கொடுத்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவன் இருமுவது கேட்டது. உயிர் இருக்கிறது என்று யாரோ கத்தினார்கள். திருமலை வாசலில் விழுந்து கும்பிட்டு, இரண்டு பக்கத்தையும் அடக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

கால்களின் துள்ளல் மெல்லக் குறைந்தது. இடது கால் முதலில் நின்றது. வலது கால் இன்னும் இரண்டு தரம் உதைத்துவிட்டு அடங்கியது. தேசப்பன் உடைந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டை விரலைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்து முக்கினான். நெடுநேரம் முக்கினான். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னாமே, அசையல."

கோவிந்தம்மா முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்தாள்.

"மெய்யாலுமா வந்துட்சு? நீ பாத்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனை இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருக்கும். அவள் அவன் கைக்கு எட்டுகிற இடத்திலேயே உட்கார்ந்தாள், முகத்தையும் அவன் பக்கம் காட்டினாள்.

"இல்லய்யா. வரல. அவன் உசுரு பூட்ருமேன்னு சொன்னேன்."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திட்டவில்லை. நல்ல கை ஒன்று இன்னும் இருந்தது, அதையும் ஓங்கவில்லை.

"நீ சொன்னதாலதாம்மே பாத்தேன்" என்றான்.

அவன் அடித்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அடிக்கவே இல்லை.